டிவி நாடகம் நேரலையாகப் போன காலம்: அது மேடையா, ரேடியோவா?

#1 பழைய ஆண்டெனா

"ஆரம்ப கால டிவி நாடகம்னா என்ன, மேடைக்கு எதிர்ல ஒரு கேமராவை நட்டு வெச்சிருப்பாங்க" என்று பக்கத்து இழையில் ஒருவர் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அங்கே வாதாடினால் சினிமா பேச வந்தவர்கள் அடிக்க வருவார்கள். அதனால் தனி இழை.

என் கட்சி இது: அந்த நாடகங்கள் கதையை மேடையிடம் கடன் வாங்கின. ஆனால் அவற்றை வளர்த்து ஆளாக்கியது ரேடியோக்காரர்கள்.

1930 ஜூலை 14. லண்டன் லாங் ஏக்கர் தெருவில், டிவி முன்னோடி ஜான் லோகி பேர்டு நடத்திய கம்பெனியின் ஸ்டுடியோ. இத்தாலிய நாடகாசிரியர் பிராண்டெல்லோவின் ஓரங்க நாடகம் ஒன்றை பிபிசி ஒளிபரப்புகிறது, 'வாயில் பூ வைத்த மனிதன்'. ராத்திரி திறந்திருக்கும் கஃபே. ரயிலைத் தவறவிட்ட ஒருவர். அவரோடு பேச்சுக் கொடுக்கும் இன்னொருவர், உதட்டில் புற்று வந்தவர். அந்தப் புண்தான் பூ. தூரத்தில் அவர் மனைவி நிழல் மாதிரி நிற்கிறாள். நாடகமே அவ்வளவுதான்.

உலகத்தில் அத்தனை நாடகம் இருக்க இதை ஏன் எடுத்தார்கள்? மூன்று பேர் போதும், ஓடியாட வேண்டாம், அரைமணிக்குள் முடிந்துவிடும். டிவி படத்தைக் கோடு கோடாகப் பிரித்துத்தான் அனுப்பும்; அன்று படத்துக்கு 30 கோடுதான், நொடிக்குப் பன்னிரண்டரை படம். ஒரு நேரத்தில் ஒரு முகம்தான் கொள்ளும். ஒருவர் பேசி முடித்ததும் சதுரங்கக் கட்டம் போட்ட ஒரு பலகையைக் குறுக்கே தள்ளுவார்கள். அதன் மறைவில் அவர் எழுந்து போக, அடுத்தவர் வந்து உட்கார, பலகை விலகும். இதுதான் அன்றைய 'கட்'.

இயக்கியவர் வால் கீல்குட், தயாரித்தவர் லான்ஸ் சீவ்கிங். இருவருமே பிபிசி ரேடியோ நாடக ஆட்கள். போதுமா?

#2 சபா வாசி

ஆண்டெனா சார், நீங்கள் சொன்னதை வைத்தே உங்களை மடக்குகிறேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே மூச்சு, தவறினால் திருத்த வழியில்லை. இதற்குப் பெயர் மேடைதான். ரேடியோவில் கையில் காகிதம் இருக்கும், பார்த்துப் படிக்கலாம். இருபத்திரண்டு வருஷம் சபா மேடையில் நின்றவன் சொல்கிறேன்: காகிதத்தைப் பிடித்திருக்கிறவன் வயிறு வேறு, வசனத்தை மனப்பாடம் பண்ணியவன் வயிறு வேறு.

இன்னொன்று. லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸிலிருந்து பிபிசி முறையாக ஒளிபரப்பை ஆரம்பித்தது 1936 நவம்பர் 2. நாலு நாள் கழித்து, 6ஆம் தேதி, ராயல்டி தியேட்டரில் நடந்துகொண்டிருந்த 'மேரிகோல்டு' நாடகத்திலிருந்து சில காட்சிகளைக் காட்டினார்கள். தியேட்டரில் நடித்தவர்களையே அழைத்து வந்தார்கள். ரேடியோ எங்கிருந்து வந்தது இதில்?

#3 வால்வு ரேடியோ

இரண்டு பேரும் நடிகரைப் பற்றியே பேசுகிறீர்கள். கொஞ்சம் பெட்டிக்குள்ளும் பாருங்கள்.

1930 நாடகத்தில் நாம் நினைக்கிற மாதிரி கேமராவே கிடையாது. நடிகர் உட்கார்ந்திருப்பது இருட்டறை. ஒரு ஒளிப்புள்ளி அவர் முகத்தை மேலும் கீழுமாக வருடிக்கொண்டே இருக்கும். முகத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை ஒளிமின்கலங்கள் வாங்கிக்கொள்ளும். கண் முன்னால் ஓயாமல் மினுக்கிக்கொண்டிருக்கும் வெளிச்சத்தில் உட்கார்ந்து நடிக்க வேண்டும். முகத்தில் வெள்ளை பூசி, புருவம், மூக்கோரம், உதடு எல்லாவற்றையும் கருநீலத்தில் அழுத்திக் கோடு போட்டால்தான் முப்பது கோட்டில் அது முகம் என்றே தெரியும். நம்ம ஊர் கூத்து வேஷத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பார்க்கிறவருக்கு நியான் விளக்கின் செம்மஞ்சள் நிறத்தில், ஒல்லியாக நின்றவாக்கில் ஒரு படம். அகலம் 3 பங்கு என்றால் உயரம் 7 பங்கு.

அதே வருஷம் மார்ச் வரை படத்தையும் ஒலியையும் ஒன்றாக அனுப்பவே வழியில்லை. புரூக்மன்ஸ் பார்க் ஒலிபரப்பு நிலையத்தில் இரண்டு டிரான்ஸ்மிட்டர் கிடைத்த பிறகுதான், ஒன்றில் படம், மற்றதில் குரல் என்று சேர்த்து அனுப்பினார்கள்.

'உலகத்தின் முதல்' என்று யாராவது எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1928 செப்டம்பர் 11 அன்றே ஷெனெக்டடியில் ஜெனரல் எலக்ட்ரிக்காரர்கள் 'தி குயீன்ஸ் மெசஞ்சர்' என்ற ஓரங்க நாடகத்தை அனுப்பியிருக்கிறார்கள். மூன்று கேமரா, மூன்றும் நட்டது நட்டபடி. கதையில் இரண்டே பாத்திரம், ஆனால் நடித்தவர்கள் நான்கு பேர். இரண்டு பேர் முகத்துக்கு, இரண்டு பேர் கைக்கு! முகமும் கையும் ஒரே படத்தில் கொள்ளாது. கோப்பையை எடுப்பது, துப்பாக்கியைப் பிடிப்பது எல்லாம் வேறு ஒருவர் கை. குரல் ரேடியோ அலையில் தனியாகப் போனது. முகம் ஒருவருடையது, கை இன்னொருவருடையது என்றால் இது எந்த ஊர் மேடை சார்?

#4 மாம்பலம் மாமி

கைக்குத் தனி ஆளா! எங்காத்துல சமையலுக்கு அப்படி ஒருத்தர் கெடச்சா தேவலை.

எனக்கு லண்டன் எல்லாம் தெரியாது. மெட்ராஸ்ல டிவி வந்தது 75 ஆகஸ்ட் 15. எங்காத்துல சாலிடேர், மரக்கதவு வெச்சது. செவ்வாய்க்கிழமை நாடகம்னா கூடத்துல பாய் விரிச்சுடுவோம், மாடிக்குடித்தனம் மொத்தமும் எறங்கி வந்துடும். அது நேரலை இல்லை, எடுத்து வெச்சுத்தான் போடுவா. ஆனா பாக்கறதுக்கு நேர்ல நடக்கற மாதிரியே இருக்கும். கோபத்துல கதவைப் படார்னு சாத்துவார், பின்னாடி சுவர் அப்படியே ஒரு ஆட்டம் ஆடும், காலண்டரோட. நாங்க கதைய விட்டுட்டு அடுத்து எப்ப கதவைச் சாத்துவார்னு காத்துண்டிருப்போம்.

#5 வூட் கிரீன்

எல்லாருக்கும் வணக்கம். நான் இருக்கிறது வூட் கிரீன். W3 பஸ் எடுத்தால் நேரே அலெக்ஸாண்ட்ரா பேலஸ் வாசலில இறக்கிவிடும். பதினெட்டு வருசமா பிள்ளையளோட அங்க போய்வாறன். அந்தக் கம்பக் கோபுரம் இண்டைக்கும் நிக்குது, கீழ சுவரில 1936 எண்டு நீல வட்டப் பலகை. ஆனால் அதுக்குள்ள நாடகம் போட்டவை எண்டது இந்த இழையைப் பாத்துத்தான் தெரியும். நாங்கள் அங்க போறது ஐஸ் சறுக்கிறதுக்கும் நவம்பர் வாணவேடிக்கைக்கும்.

ஆண்டெனா அண்ணை, உள்ள எவ்வளவு பெரிய இடம்? வெளியில இருந்து பாத்தால் பெரிய மாளிகை.

#6 பழைய ஆண்டெனா

வூட் கிரீன், மாளிகை பெரிசுதான், டிவிக்குக் கிடைத்தது ஒரு மூலை. இரண்டு ஸ்டுடியோ, ஒவ்வொன்றும் 70 அடிக்கு 30 அடி. ஒன்று மார்கோனி-இஎம்ஐ முறைக்கு, 405 கோடு. மற்றது பேர்டுக்கு, 240 கோடு. சில மாதம் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு 1937 ஆரம்பத்தில் பேர்டு முறையை ஓரங்கட்டிவிட்டார்கள்.

சபா வாசி சார், மேரிகோல்டு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே வருஷத்தில் என்ன ஆனது பாருங்கள். 1937 நவம்பர் 11, முதல் உலகப்போர் நின்ற நாள். ஷெரிஃபின் 'ஜர்னீஸ் எண்ட்' நாடகத்தை ஜார்ஜ் மோர் ஓ'ஃபெரல் ஸ்டுடியோவில் போடுகிறார். பதுங்குகுழிக்குள் நடக்கிற கதை. மேடையில் பார்த்தவர்களுக்குப் போர் என்பது வெளியே கேட்கும் சத்தம் மட்டும்தான். இவர் நடுநடுவே சினிமாத் துண்டுகளைச் செருகிப் போர்க்களத்தையே காட்டினார். அதிலும் அவை பாப்ஸ்ட் எடுத்த ஜெர்மன் படத்தின் துண்டுகள்! ஆங்கிலேயச் சிப்பாயின் கதைக்கு ஜெர்மன் படத்தில் வந்த போர்.

கேமரா முகத்துக்கு அருகில் போகும். மேடையில் பத்தாவது வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று குரலெடுத்த ஆள் இங்கே முணுமுணுத்தால் போதும். முணுமுணுப்பு யாருடைய சொத்து? மைக்குக்காரர்களுடையது. என் கட்சியில் இன்னும் நிற்கிறேன்.

#7 சபா வாசி

முணுமுணுப்பு மேட்டரில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன், காரணம் நானே பட்டவன்.

எண்பதுகளின் ஆரம்பம். எங்கள் குழுவின் நாடகம் ஒன்றை டிவிக்கு எடுத்தார்கள். சபாக்களில் நூறு தடவைக்கு மேல் போட்ட காமெடி. இரண்டேகால் மணி நேரத்தைச் சுருக்கி, பாட்டை வெட்டி, எப்படியோ அடக்கினோம். ஒரு வசனம் இருக்கிறது, மாமனாரைப் பார்த்து நான் சொல்வது. சபாவில் அதற்கு விழுகிற சிரிப்பு அடங்க நேரமாகும். அதற்காகவே ஒரு வேலை வைத்திருந்தேன்: தோளில் இருக்கிற துண்டை எடுத்து, இரண்டு உதறு உதறி, மடித்து மறுபடி தோளில் போட்டுக்கொள்வேன். போட்டு முடிக்கவும் சிரிப்பு அடங்கவும் சரியாக இருக்கும்.

ஸ்டுடியோவில் வசனத்தைச் சொன்னேன். துண்டை எடுத்தேன். உதறினேன். அந்தத் துண்டு உதறுகிற சத்தம் மட்டும் கேட்டது. எதிரே நான்கைந்து பேர், காதில் ஹெட்ஃபோன், ஒருவர் கேபிளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாமனாராக நடித்தவர் அடுத்த வசனத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறார், நான் துண்டை மடித்துக்கொண்டிருக்கிறேன். ஒளிபரப்பானபோது என் அண்ணன் பையன் கேட்டான், "சித்தப்பா, அந்த எடத்துல உங்களுக்கு வசனம் மறந்துபோச்சா?"

அதனால்தான் சொல்கிறேன், நடிகரைத் தியேட்டரில் விட்டுவிட்டுக் கேமரா அங்கே போக வேண்டும். 1938 நவம்பர் 16 அன்று பிரீஸ்ட்லியின் 'வென் வீ ஆர் மேரிட்' நாடகத்தை செயின்ட் மார்ட்டின்ஸ் தியேட்டரிலிருந்தே முழுசாக ஒளிபரப்பினார்கள். அதுவும் காமெடி. ஜனங்கள் சிரித்தார்கள், நடிகர் காத்திருந்தார், வீட்டில் இருக்கிறவனுக்கும் அந்த இடைவெளி நிறைந்தது.

#8 வால்வு ரேடியோ

> கேமரா அங்கே போக வேண்டும்

போனால் பால்கனிக்குக் கேட்கிற மாதிரி கத்துகிற ஆளை முகத்துக்கு ஒரு அடியில் பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் துண்டுக்கு நல்லது, எங்கள் காதுக்குக் கெடுதல்.

#9 எடிசன் வாசி

நியூஜெர்சிப் பக்கத்துக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1947 மே 7, அமெரிக்காவின் என்பிசி டிவியில், சீஸ் கம்பெனி கிராஃப்டின் விளம்பர ஆதரவில் கிராஃப்ட் டெலிவிஷன் தியேட்டர் ஆரம்பம். வாரம் ஒரு நாடகம், ஒரு மணி நேரம், நேரலை. 1958 வரை ஓடியது. முதல் நாடகம் 'டபுள் டோர்', பழைய பிராட்வே சரக்கு.

பழைய சரக்கை ஏன் தேடிப்போனார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பிராட்வேயில் நன்றாக ஓடிய நாடகம் என்றால் அதன் பட உரிமையை ஹாலிவுட் ஸ்டுடியோ ஏதாவது ஒன்று வாங்கி வைத்திருக்கும். டிவிக்குத் தர மாட்டார்கள். ஆக, சினிமாக்காரன் சீந்தாத நாடகம், உரிமை காலாவதியான நாடகம் என்று தேடித்தேடிப் போட்டார்கள். அதுவும் தீர்ந்துபோனதும் வேறு வழியில்லாமல் டிவிக்கென்றே எழுத ஆள் பிடித்தார்கள். 1954 செப்டம்பரில் ஸ்டுடியோ ஒன் என்ற டிவி நாடக வரிசையில் வந்த 'ட்வெல்வ் ஆங்ரி மென்' அப்படி எழுதியதுதான். பிறகு அது சினிமாவும் ஆனது, மேடைக்கும் போனது. மேடையிலிருந்து டிவிக்கு என்று ஓடிய தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டது. கலை வளர்ந்ததற்குக் காரணம் மேடையும் இல்லை, ரேடியோவும் இல்லை, வக்கீல்கள்!

#3இல் கை நடிகர்கள் பற்றிப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. கிராஃப்ட் நாடகத்தின் நடுவே வரும் விளம்பரமும் நேரலைதான். ஒரு ஜோடிக் கை மட்டும் சீஸை வெட்டும், தடவும், அடுக்கும். முகம் வராது, பின்னால் குரல் மட்டும். ஷெனெக்டடியில் ஆரம்பித்த கைகளுக்கு இருபது வருஷம் கழித்து நல்ல வேலை கிடைத்துவிட்டது.

#10 செகண்ட் இயர் ஸ்டூடண்ட்

செம இழை சார். ஒரு டவுட். லைவ் நாடகத்துக்கு நடுவுல ஒரு நடிகர் செத்தே போயிட்டார், மத்தவங்க நடிச்சு முடிச்சாங்கன்னு ஒரு ரீல்ஸ்ல பார்த்தேன். உண்மையா, அடிச்சு விட்டதா?

#11 பழைய ஆண்டெனா

உண்மைதான் தம்பி. ரீல்ஸில் வந்த ஒன்று உண்மையாக இருப்பது அபூர்வம், குறித்து வைத்துக்கொள்.

1958 நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. மான்செஸ்டர் டிட்ஸ்பரி ஸ்டுடியோவிலிருந்து பிரிட்டனின் ஏபிசி நிறுவனத்தின் ஆர்ம்சேர் தியேட்டர் நாடக வரிசை. நாடகம் 'அண்டர்கிரவுண்ட்', அணுகுண்டு விழுந்த பிறகு லண்டன் சுரங்க ரயில் பாதையில் மாட்டிக்கொண்டவர்களின் கதை. (சபா வாசி சார் பாய்வதற்குள்: இது மேடை நாடகம் இல்லை, நாவலிலிருந்து எடுத்தது.) கேரத் ஜோன்ஸ் என்று ஓர் இளம் வெல்ஷ் நடிகர், 33 வயது. ஒரு காட்சி முடிந்து அடுத்ததற்கு ஒப்பனையைச் சரிசெய்துகொள்ளும்போது சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. அந்தப் பக்கம் நாடகம் போய்க்கொண்டிருக்கிறது.

அவர் வந்து சேர வேண்டிய காட்சியில் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், ஆள் வரவில்லை. அவருடைய வசனங்களைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு, 'அவர் என்ன சொல்லியிருப்பார் என்றால்' என்கிற பாணியில் கதையை நகர்த்தினார்கள். விளம்பர இடைவேளையில் இயக்குநர் டெட் கோச்செஃப் மிச்சக் காட்சிகளை மாற்றி அடுக்கினார். கால்பந்து ஆட்டம் மாதிரி நினைத்துக்கொள், ஆள் போகிற பக்கம் கேமராவைத் திருப்பு என்று தயாரிப்பாளர் சிட்னி நியூமன் சொன்னதாகச் சொல்வார்கள். நாடகம் முடிந்தது.

#12 மாம்பலம் மாமி

பாவம். படிச்சதுலேர்ந்து ஒரு மாதிரியா இருக்கு. ஆத்துல உக்காந்து பாத்தவாளுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது, இல்லையா?

#13 செகண்ட் இயர் ஸ்டூடண்ட்

இதெல்லாம் எங்க பார்க்கலாம்? லிங்க் இருக்கா?

#14 வால்வு ரேடியோ

முப்பதுகளின் பிபிசி நாடகங்களுக்கு லிங்க் கேட்காதே தம்பி. அவை காற்றில் போய்விட்டன. 1938இல் 'ஆர்.யு.ஆர்.' போட்டார்கள், 'ரோபோ' என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்த செக் நாடகம். அதில் மிஞ்சியிருப்பது சில புகைப்படம். பதிவு செய்ய ஒரே வழி டிவித் திரைக்கு எதிரே ஒரு பிலிம் கேமராவை வைத்துத் திரையையே படம் பிடிப்பதுதான். அதையும் போருக்குப் பிறகுதான் ஒழுங்காகச் செய்யக் கற்றார்கள். வீடியோ டேப் மெஷினை ஆம்பெக்ஸ் கம்பெனி வெளியே காட்டியது 1956இல்.

அதுவரை பிபிசியில் 'மறு ஒளிபரப்பு' என்றால் மறுபடி நடிப்பது. ஞாயிறு இரவு போட்ட நாடகத்தை வியாழனன்று அதே நடிகர்கள் திரும்ப வந்து முதலிலிருந்து கடைசி வரை நடித்தார்கள். 1954 டிசம்பரில் பீட்டர் குஷிங் நடித்த 'நைன்டீன் எய்ட்டி-ஃபோர்' ஞாயிறு, வியாழன் இரண்டு நாளும் போனது. இன்று நாம் பார்ப்பது வியாழக்கிழமை நடிப்பை. ஞாயிற்றுக்கிழமையில் இதைவிட நன்றாக நடித்தாரா என்று கேட்டால் அன்று டிவி முன்னால் இருந்தவர்தான் சொல்ல வேண்டும்.

1930 பிராண்டெல்லோவும் போய்விட்டது. ஆனால் 1967இல் சீவ்கிங்கையே கூப்பிட்டு அதே 30 கோட்டில் அதைத் திரும்பச் செய்தார்கள். அன்று ஓவியர் நெவின்சன் வரைந்த பின்னணி ஓவியங்களையும் அன்று போட்ட இசைத்தட்டையும் அந்த மனிதர் பத்திரமாக வைத்திருந்தார்! அதன் துண்டு இணையத்தில் கிடைக்கும், தேடு. அந்தக் கட்டம் போட்ட பலகை வரும், பார்.

#15 எடிசன் வாசி

இங்கே 1955 மார்ச் 7 'பீட்டர் பேன்' கதையும் இதே. மேரி மார்ட்டின் பிராட்வேயில் நடித்து முடித்த சூட்டோடு மொத்த நாடகத்தையும் என்பிசி ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்து கலரில் நேரலையாகப் போட்டார்கள். கம்பியில் தொங்கிப் பறக்கிறதும் நேரலை! ஆறரைக் கோடிப் பேர் பார்த்தார்கள் என்பது அன்றைய கணக்கு. கூப்பாடு தாங்காமல் அடுத்த வருஷம் ஜனவரியில் மறுபடி அத்தனை பேரும் வந்து மறுபடி பறந்தார்கள். 1960இல்தான் டேப்பில் பிடித்துவைத்தார்கள். சபா வாசி சாருக்கு இது ஒரு பாயிண்ட் என்று கொடுக்கிறேன், இது அப்பட்டமான மேடை.

#16 சபா வாசி

எடிசன் தம்பி வாழ்க.

எனக்கு இடிப்பது ஒன்றுதான். ஆண்டெனா சார் '70 அடிக்கு 30 அடி' என்பதைப் பெரிய கஷ்டம் மாதிரி எழுதுகிறார். நான் நடித்த சபாக்களில் பாதிக்கு மேடை முப்பது அடி தேறாது. சைடு விங்கில் இரண்டு பேர் சேர்ந்து மூச்சு விட முடியாது. அதிலேயே வீடு, ஆஸ்பத்திரி, கோர்ட் எல்லாம் காட்டினோம். எழுபது அடி கிடைத்தால் நான் கல்யாண ஊர்வலமே விட்டிருப்பேனே?

#17 பழைய ஆண்டெனா

உங்களுக்குப் படுதா இருந்தது சார். லைட்டை அணைத்தால் இரண்டு நிமிஷம் கிடைக்கும், பாட்டுப் போட்டால் நாலு நிமிஷம். அவர்களுக்கு அடுத்த காட்சியின் செட் பக்கத்திலேயே தயாராக நின்றாக வேண்டும். அந்த எழுபது அடியில் அத்தனை செட்டும், கேமராக்களும், அவற்றின் வால்களும், விளக்குகளும் போக மிச்சம் இருப்பதில்தான் நடிகர் ஓட வேண்டும். ஓடுகிற சத்தம் மைக்கில் விழக்கூடாது.

#18 வூட் கிரீன்

ஐயாமாரே, நேற்று ஞாயிறு. மகளைச் சறுக்க விட்டிட்டு எனக்கு ரெண்டு மணித்தியாலம் சும்மா இருந்தது. ஸ்டுடியோவுக்குள்ள விடேல்லை. அதால வெளியில கார் பார்க்கில எட்டு வச்சு அளந்து பாத்தன். என்ர எட்டு ரெண்டரை அடி. நீளத்துக்கு 28 எட்டு, அகலத்துக்கு 12. நாலு மூலையிலும் ஒவ்வொரு கல்லு வச்சன். நிண்டு பாத்தால், ரெண்டு வரிசையா ஒரு பதினாறு கார் விடலாம். அவ்வளவுதான் இடம்.

பிறகு ஒரு மூலைக் கல்லில இருந்து எதிர் மூலைக் கல்லுக்குச் சத்தம் போடாமல் ஓடிப் பாத்தன், நுனிக்காலில, நடுவில கேபிள் கிடக்கிற மாதிரி நினைச்சுத் தாண்டித் தாண்டி. போய்ச் சேர ஒன்பது செக்கன். உடுப்பு மாத்தேல்லை, ஜாக்கெட் மட்டும் கழட்டினனான். போய் நிண்டு வசனம் ஒண்டு சொல்லிப் பாப்பம் எண்டால் மூச்சு இரைக்குது, வாய் திறக்கேலாது. நாய் கூட்டிக்கொண்டு வந்த ஒரு கிழவி நிண்டு பாத்திட்டு, ஏதும் உதவி வேணுமோ எண்டு கேட்டா.

#19 சபா வாசி

அந்த மூச்சிரைப்பை அடக்கத்தான் ஐயா, துண்டு.